மேக்ரோ எடுக்க ஆசை, கையில் கிட் லென்ஸ்: எதை வாங்கலாம்?

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து, வயிற்றை வளைத்து, இலை நுனியில் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகிறது. கடுகைவிடச் சிறியது, வெளிர்மஞ்சள் நிறம். கேமராவை எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். கேமராவோடு வந்த கிட் லென்ஸை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் படத்தில் இலைதான் தெரிகிறது. முட்டை வெறும் புள்ளி.

கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600 போன்ற தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இப்படிச் சின்னதைப் பெரிதாக எடுப்பதைத்தான் மேக்ரோ என்கிறோம். "குறைந்த விலையில் நல்ல மேக்ரோ லென்ஸ் எது?" என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. நான் பதிலுக்குக் கேட்பது, "உங்களிடம் ஏற்கெனவே என்னென்ன லென்ஸ் இருக்கிறது?" என்பதுதான். ஏன் என்று கீழே புரியும்.

## முதலில் அளவுகோல்கள்

உருப்பெருக்கம். 1:1 என்றால், பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) மீது விழுகிறது. இந்த வகைக் கேமராக்களில் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார். நிக்கானுடையது 23.5 மி.மீ. அகலம், கேனானுடையது 22.3 மி.மீ. அந்தக் கனமான பழைய ஐந்து ரூபாய் நாணயம் 23 மி.மீ. விட்டம். அதாவது 1:1 படத்தில் அந்த நாணயம் சட்டத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும், மேலும் கீழும் வெட்டுப்படும். 1500டியோடு வரும் 18-55 கிட் லென்ஸின் உச்சம் 0.34 மடங்கு. ஆறரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைவாக அதனால் எடுக்க முடியாது.

நம் முட்டைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அது ஏறத்தாழ 1 மி.மீ. 24 மெகாபிக்சல் கேமராவில் கிட் லென்ஸால் எடுத்தால் முட்டையின் குறுக்கே 90 பிக்சல் கிடைக்கும். 1:1இல் 270. இரண்டு மடங்கில் 540. தும்பைப்பூவுக்கும் பொறிவண்டுக்கும் 1:1 தாராளம். முட்டை, அசுவினி, தாவும் சிலந்தியின் கண்கள் என்று போனால் அதற்கு மேல் வேண்டும். வண்ணத்துப்பூச்சி, தட்டான் போன்றவற்றுக்குப் பாதி அளவே போதும். எதை எடுக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் பெருக்கத்தை விலை கொடுத்து வாங்கினால் பாதிப் பணம் வீண்.

இடைவெளி. லென்ஸின் முன்முனைக்கும் பூச்சிக்கும் நடுவே எவ்வளவு தூரம் மிஞ்சுகிறது என்பது. புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் உருப்பெருக்கத்தைவிட இதுவே முக்கியம். கடைக்காரர் சொல்லும் "குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்" சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. கேமரா உடலும் லென்ஸும் அடைத்துக்கொண்ட நீளத்தைக் கழித்தால்தான் நிஜ இடைவெளி வரும். 16 சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பது கையில் மூன்றரை சென்டிமீட்டராக முடியும். அவ்வளவு கிட்டே போனால் தட்டான் இருக்காது. இருந்தாலும் லென்ஸின் நிழல் அதன் மேல் விழும்.

வெளிச்சம். 1:1இல் அப்பெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) எஃப் 8இல் வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆகவே எஃப் 11 வரை மூட வேண்டியிருக்கும். லென்ஸை முன்னால் நீட்டிப் பெருக்கம் பெறும் முறைகளில் 1:1க்கு வரும்போது வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். கையில் பிடித்து எடுத்தால் ஆடும். கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஃப்ளாஷில்.

கேமராவோடு ஒத்துழைப்பு. அப்பெர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடிகிறதா, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டோஃபோகஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இவ்வளவு கிட்டத்தில் உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத்தான் ஃபோகஸ் பிடிப்போம்.

## வழி 1: க்ளோஸ்-அப் ஃபில்டர் செட்

+1, +2, +4, +10 என்று நான்கு கண்ணாடிகள் ஒரு சின்ன உறையில் வரும். சில நூறு ரூபாய். லென்ஸ் முன்னால் திருகிக்கொள்ளலாம், வெளிச்சம் குறையாது. ஆனால் இவை ஒற்றைக் கண்ணாடியில் செய்தவை. விளிம்புகளில் ஊதாக் கோடு படரும், +10இல் ஓரங்கள் கலங்கிவிடும். +2ஐயும் +4ஐயும் மட்டும் பூக்களுக்கு, நகைகளுக்குப் பயன்படுத்தலாம். நான் பரிந்துரைப்பதில்லை.

## வழி 2: ரிவர்ஸ் ரிங்

லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம். ஒரு பக்கம் கேமராவின் மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வாய்), மறுபக்கம் ஃபில்டர் மரை. இதுவும் சில நூறு ரூபாய்தான். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறத்தாழ 1:1. குவியத் தூரம் (லென்ஸின் பெயரில் உள்ள மி.மீ. எண்) குறையக் குறையப் பெருக்கம் கூடும் என்பதால் கிட் ஜூமின் 18 மி.மீ. முனையில் 1:1ஐத் தாண்டி வெகுதூரம் போகலாம். கண்ணாடியின் தரம் நன்றாகவே இருப்பதால் படமும் கூர்மையாக வரும். இந்தப் பணத்துக்கு இவ்வளவு பெருக்கம் வேறு எதிலும் கிடைக்காது.

சிக்கல் அப்பெர்ச்சரில். திருப்பிய லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கேனான் லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும், ஆழம் தலைமுடி அளவுக்குச் சுருங்கும். டெப்த் ஆஃப் ஃபீல்ட் ப்ரிவ்யூ பொத்தான் (எடுக்கும் முன்பே ஆழத்தைக் காட்டுவது) உள்ள உடலில், எஃப் 8 வைத்து அந்தப் பொத்தானை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றினால் அப்பெர்ச்சர் அப்படியே நின்றுவிடும். அப்பெர்ச்சர் வளையம் இல்லாத நிக்கானின் ஜி வகை லென்ஸ் நேர்மாறு. தானாக மூடிக்கொள்ளும், வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். பின்னால் உள்ள சிறு நெம்பை மடித்த காகிதம் செருகிக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 டி அப்படிப்பட்டது.

இடைவெளி எப்படியும் நான்கைந்து சென்டிமீட்டர் அளவில்தான் நிற்கும். லென்ஸின் பின்கண்ணாடி வெளியே தெரிவதால் தூசிக்கும் விரலுக்கும் காவல் வேண்டும். நகராத பொருள்களுக்கு இது அருமையான வழி: முட்டை, விதை, நாணயம், இலை நரம்பு. பறப்பவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

## வழி 3: எக்ஸ்டென்ஷன் ட்யூப்

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடியே கிடையாது, எனவே கெடுக்கவும் எதுவும் இல்லை. கணக்கு எளிது. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் பெருக்கம் வரும். கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் தனியாக 0.21 மடங்கு தரும். 36 மி.மீ. குழாய் சேர்த்தால் இன்னும் 0.72. ஆக 0.93, கிட்டத்தட்ட 1:1. இடைவெளியும் ஒரு விரல் நீளத்துக்கு இருக்கும்.

இதே கணக்கு ஒரு எச்சரிக்கையும் தருகிறது. 250 மி.மீ. லென்ஸில் அதே 36 மி.மீ. குழாய் 0.14தான் சேர்க்கும். நீள லென்ஸுக்குக் குழாய் வாங்குவது வீண். கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையிலோ ஃபோகஸ் விழும் இடம் கண்ணாடிக்கு உள்ளேயே போய்விடும், எதையும் எடுக்க முடியாது. 50 மி.மீ. லென்ஸ்தான் இதற்கு நல்ல துணை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நான் மாட்டிக்கொண்டேன். குழாய்கள் இரண்டு வகை. மின் தொடர்புப் புள்ளிகள் உள்ளவை, இல்லாதவை. இல்லாதது நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்ததால் அதை வாங்கினேன். கடையில் யாரும் எச்சரிக்கவில்லை. அப்பெர்ச்சர் மாறாது. எஸ்டிஎம் லென்ஸில் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தால் ஓடுவதால் அதுவும் வேலை செய்யாது. ஒரு மாதம் எஃப் 1.8இல் மங்கலான எறும்புகளை எடுத்துவிட்டு, கடைசியில் புள்ளிகள் உள்ளதையும் வாங்கினேன். இரண்டு செலவு. புள்ளிகள் உள்ளது இரண்டு மூவாயிரம் ரூபாய் ஆகும். அதையே முதலில் வாங்கிவிடுங்கள். மவுன்ட் பிளாஸ்டிக்கா உலோகமா என்றும் பாருங்கள். மூன்று குழாய்களை அடுக்கினால் பிளாஸ்டிக் மவுன்ட் தொய்யும்.

## வழி 4: ரேனாக்ஸ் டிசிஆர் 250

இரட்டை லென்ஸ் கிட் வாங்கியவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உங்கள் பையில் 55-250 அல்லது 70-300 தூங்கிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் உங்கள் மேக்ரோ லென்ஸில் முக்கால்வாசியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்.

ரேனாக்ஸும் லென்ஸ் முன்னால் மாட்டும் க்ளோஸ்-அப் ஃபில்டரின் குடும்பம்தான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிசிறு (அந்த ஊதாக் கோடு) அடங்கும்படி செய்தது. சக்தி 8 டயாப்டர், அதாவது குவியத் தூரம் 125 மி.மீ. கேமரா லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் (மிகத் தொலைவில்) வைத்து, அதன் குவியத் தூரத்தை 125ஆல் வகுத்தால் பெருக்கம். 125 மி.மீ.யில் 1:1. 250இல் இரண்டு மடங்கு. ஜூமைத் திருப்பினாலே பெருக்கம் கூடிக் குறைகிறது. நிஜ மேக்ரோ லென்ஸில்கூட இந்த வசதி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இடைவெளி. கேமரா லென்ஸ் எதுவானாலும், பெருக்கம் எவ்வளவானாலும், சுமார் 12 சென்டிமீட்டர் இருக்கும். மாமரத்து முசுறு வரிசையை எடுக்கும்போது அந்த 12 சென்டிமீட்டர் பூச்சிக்கும் நல்லது, உங்கள் கைக்கும் நல்லது. வெளிச்சம் குறையாது. அப்பெர்ச்சர், மீட்டர், எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அதே லென்ஸால் அடுத்த நிமிடம் பறவை எடுக்கலாம்.

இன்னும் தூரம் வேண்டுமென்றால் இதன் தம்பி டிசிஆர் 150 இருக்கிறது. 4.8 டயாப்டர், இடைவெளி சுமார் 20 சென்டிமீட்டர், 250 மி.மீ.யில் 1.2 மடங்கு. தொடங்குபவருக்கு உண்மையில் இதுதான் எளிது. இரண்டு மடங்கில் பூச்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதே முதல் வாரம் பெரும்பாடாக இருக்கும்.

குறைகளும் உண்டு. ஜூமின் குறைந்த முனையில் நான்கு மூலைகளும் கறுத்துவிடும். இதோடு வரும் கவ்வி 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள மரைகளில் மட்டும் உட்காரும். கேனான் 55-250 எஸ்டிஎம்மும் நிக்கான் ஏஎஃப்-பி 70-300ம் 58 மி.மீ., பிரச்சினை இல்லை. 49 மி.மீ. மரை உள்ள 50 மி.மீ. எஸ்டிஎம்மில் கவ்வாது, அதற்குத் தனியாக மாற்று வளையம் வாங்க வேண்டும். அந்த லென்ஸில் 0.4 மடங்குதான் கிடைக்கும் என்பதால் அந்த வேலையே தேவையில்லை.

## வழி 5: "மேக்ரோ" என்று எழுதிய பழைய ஜூம்

டாம்ரான், சிக்மா இரண்டிலும் 70-300 ஜூம்களில் மேக்ரோ சுவிட்ச் வைத்த மாடல்கள் உண்டு. செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். பெயரில்தான் மேக்ரோ, உச்சம் 1:2, அதாவது பாதி அளவு. ஆனால் ஃபோகஸ் தூரம் 95 சென்டிமீட்டர். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. குளக்கரைத் தட்டானுக்கும், பூவில் ஒரு நொடி நிற்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இதுதான் வேண்டும். சட்டத்தில் நாலரை சென்டிமீட்டர் அகலம் விழும், பெரிய தட்டானுக்கே போதும்.

நடுக்கம் தாங்கும் வசதி இந்தப் பழைய மாடல்களில் கிடையாது. நல்ல வெயிலில் 1/500 நொடிக்கு மேல் வைத்து எடுங்கள். 300 மி.மீ. முனையில் கொஞ்சம் மென்மையாக இருக்கும், எஃப் 11இல் சரியாகும்.

## வழி 6: நிஜ மேக்ரோ லென்ஸ்

இங்கேதான் பலர் தவறான பாதியை வாங்குகிறார்கள். விலை குறைந்தவை எல்லாம் குட்டை லென்ஸ்கள். நிக்கான் 40 மி.மீ. எஃப் 2.8, கேனான் இஎஃப்-எஸ் 35 மி.மீ. எஃப் 2.8 இரண்டும் அருமையான கண்ணாடி, 1:1 வரை போகும். ஆனால் 1:1இல் இடைவெளி மூன்று சென்டிமீட்டரை ஒட்டித்தான். கேனான் 35இன் முனையிலேயே சிறு எல்இடி விளக்குகள் வைத்திருப்பது இதனால்தான். சமையல் படம், நகை, தபால்தலை, பூ, குழந்தையின் விரல் என்று வீட்டுக்குள் எடுப்பவருக்கு இவை சரி. சாதாரண லென்ஸாகவும் தினமும் பயன்படும். பூச்சிக்காக என்றால் வாங்க வேண்டாம்.

பூச்சிக்கு 60க்கு மேல் போக வேண்டும். கேனான் இஎஃப்-எஸ் 60இல் ஒன்பது சென்டிமீட்டர் அளவு, டாம்ரான் 90இன் பழைய மாடலில் பத்து, நிக்கான் 85இல் பதினான்கு, கேனான் 100 யுஎஸ்எம்மில் பதினைந்து. புதிதாக வாங்கினால் பட்ஜெட் என்ற சொல்லுக்கே இடமில்லை. செகண்ட் ஹேண்டில் தேடலாம். மேக்ரோ லென்ஸ் பழசானாலும் கூர்மை மாறாது.

நிக்கான்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. டி3500, டி5600 உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய டாம்ரான் 90, டோக்கினா 100 மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வராது. மற்றபடி மீட்டரும் அப்பெர்ச்சரும் வேலை செய்யும். இதனாலேயே அவை சில சமயம் விலை குறைவாக விற்கப்படுகின்றன. மேக்ரோவுக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டாம் என்று முன்பே சொன்னேன், ஆகவே உங்களுக்கு லாபம். இன்னும் பழைய, முழுக்கக் கையால் இயக்கும் நிக்கானின் 55 மி.மீ. மேக்ரோ லென்ஸான மைக்ரோ நிக்கார் வேறு கதை. அதை மாட்டினால் டி3500இல் மீட்டரும் அணைந்துவிடும், எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் மோடில் ஊகித்து எடுக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கலாம். ஒரு மூலையில் துளி இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் லென்ஸ் விலையோடு சேர்த்தே கணக்கில் வர வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | தேவைப்படும் லென்ஸ் | பெருக்கம் | இடைவெளி | மறைந்திருக்கும் செலவு | எதற்குச் சரி |
|---|---|---|---|---|---|
| க்ளோஸ்-அப் செட் | எதுவும் | குறைவு | நடுத்தரம் | தரம் குறையும் | பூ, நகை |
| ரிவர்ஸ் ரிங் | 50 மி.மீ. அல்லது கிட் | 1:1க்கு மேல் | 4-5 செ.மீ. | அப்பெர்ச்சர் தொல்லை, தூசி | முட்டை, விதை, நாணயம் |
| ட்யூப் | 50 மி.மீ. | 1:1 வரை, அடுக்கினால் மேலும் | விரல் நீளம் | வெளிச்ச இழப்பு. ஃப்ளாஷ் | எறும்பு, சிலந்தி, பூ |
| ரேனாக்ஸ் 250 | 55-250, 70-300 | 2 மடங்கு வரை | 12 செ.மீ. | மரை அளவு பொருந்த வேண்டும் | பூச்சிகள் பெரும்பாலும் |
| 70-300 மேக்ரோ ஜூம் | தேவையில்லை | 1:2 | அரை மீட்டருக்கு மேல் | நல்ல வெயில் வேண்டும் | தட்டான், வண்ணத்துப்பூச்சி |
| 35, 40 மேக்ரோ | தேவையில்லை | 1:1 | 3 செ.மீ. | நிழல் | வீட்டுக்குள் எடுப்பவை |
| 85-100 மேக்ரோ | தேவையில்லை | 1:1 | 10-15 செ.மீ. | விலை, பூஞ்சைச் சோதனை | எல்லாவற்றுக்கும் |

## ஃப்ளாஷுக்கு எடுத்துவைக்கும் பணம்

லென்ஸுக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டால் அடுத்த மாதம் இருட்டில் நிற்பீர்கள். ரேனாக்ஸோடு கேமராவின் சொந்த ஃப்ளாஷே ஓரளவு போதும். பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் தாளை லென்ஸின் மேல் கூரை மாதிரி வளைத்துக் கட்டினால் ஒளி மெத்தென்று பரவும். ஷட்டர் 1/200, எஃப் 11 வைத்துத் தொடங்கலாம்.

தனி ஃப்ளாஷ் வாங்குவதானால் ஒரு விஷயம். கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றின் ஹாட் ஷூவில் (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) நடுப்புள்ளி இல்லை. எல்லாக் கேமராவுக்கும் பொது என்று விற்கும் மலிவான ஒற்றைப்புள்ளி மேனுவல் ஃப்ளாஷ் இவற்றில் எரியவே எரியாது. கேனானுக்கென்றே செய்த டிடிஎல் ஃப்ளாஷ்தான் (ஒளியின் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் வகை) வாங்க வேண்டும், விலை கூடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கித் திருப்பிக் கொடுக்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பது, பசை வைத்து ஒட்டி எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் போங்கள். குளிரில் அவை தாமாகவே அசையாமல் பனித்துளியோடு உட்கார்ந்திருக்கும்.

## சரி, உங்களுக்கு எது?

55-250 அல்லது 70-300 இருந்தால் யோசிக்காமல் ரேனாக்ஸ். சிலந்தி, எறும்பு என்றால் 250. பொதுவாகப் பூச்சி, பூ என்றால் 150.

கிட் லென்ஸ் மட்டும் இருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8ம் மின் புள்ளிகள் உள்ள ட்யூபும். மேக்ரோ ஆர்வம் வடிந்துபோனாலும் 50 மி.மீ. லென்ஸ் வீட்டில் எல்லோரையும் படமெடுக்க உதவும். தட்டானும் வண்ணத்துப்பூச்சியும்தான் ஆசை என்றால் இதற்குப் பதில் பழைய 70-300.

நிஜ மேக்ரோ லென்ஸை ஒரு மழைக்காலம் முழுக்க மேற்சொன்னவற்றில் ஒன்றை வைத்து எடுத்த பிறகு வாங்குங்கள். அதற்குள் எவ்வளவு தூரத்தில் நிற்பது உங்களுக்கு வசதி என்று தெரிந்திருக்கும். அப்போதும் 85க்குக் குறையாமல், செகண்ட் ஹேண்டில்.

கையில் பணமே இல்லையா? கேமராவை எம் மோடில் வையுங்கள், கிட் லென்ஸைக் கழற்றித் திருப்பி, மவுன்ட்டோடு ஒட்டிக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், தூசி பறக்காத இடத்தில். ரிவர்ஸ் ரிங் செய்யும் வேலை அவ்வளவுதான். கறிவேப்பிலையில் உள்ள முட்டை சில நாளில் பொரிந்துவிடும், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.